அமெரிக்க வரலாறு கற்பித்தலில் வகுப்பறைச் செயல்பாடுகள்

அமெரிக்க வரலாறு கற்பித்தலில் வகுப்பறைச் செயல்பாடுகள் என்பவை, ஐக்கிய அமெரிக்காவின் வரலாற்றை மாணவர்கள் மனப்பாடம் செய்வதற்கு மாறாக, ஆவணம், படம், வரைபடம், புள்ளிவிவரம், விவாதம், விளையாட்டு ஆகியவற்றின் வழியே தாமே ஆராய்ந்து அறியும்படி அமைக்கப்படும் கற்றல் முறைகளாகும். அமெரிக்கப் பள்ளிகளில் இவை பல பத்தாண்டுகளாகப் பயன்பட்டு வருகின்றன. இம்முறைகள் எல்லாம் ஒரே தரத்தன அல்ல. சில, மாணவரின் கையில் ஒரு கேள்வியையும் அதற்கான சான்றையும் தருகின்றன. சில, வகுப்பைக் கலகலப்பாக்குவதோடு நின்றுவிடுகின்றன. வேறு சில, மாணவர் மனத்தைப் புண்படுத்தியும் உள்ளன. இவ்வேறுபாட்டை அறிந்து செயல்பாட்டைத் தேர்ந்தெடுப்பதே ஆசிரியரின் முதற்பணியாகும்.

பின்னணி

வரலாற்றுப் பாடம் என்றாலே ஆண்டுகளும் பெயர்களும் என்ற எண்ணம் எல்லா நாடுகளிலும் உண்டு. அமெரிக்காவிலும் பாடநூலை வரிசையாகப் படித்து, பயிற்சி வினாக்களுக்கு விடை எழுதும் முறையே நீண்டகாலம் வழக்கில் இருந்தது. இதன் குறையை வெளிக்காட்டிய ஆய்வுகளுள் கல்வி உளவியலாளர் சாம் வைன்பர்க் 1991இல் வெளியிட்ட ஆய்வு குறிப்பிடத்தக்கது. எட்டு வரலாற்று அறிஞர்களிடமும் எட்டு உயர்நிலைப்பள்ளி மாணவர்களிடமும் லெக்சிங்டன் மோதல் பற்றிய ஒரே ஆவணங்களைக் கொடுத்து, படிக்கும்போது தோன்றுவதை உரக்கச் சொல்லும்படி அவர் கேட்டார். அறிஞர்கள் முதலில், எழுதியவர் யார், எப்போது எழுதினார் என்பதைப் பார்த்தனர். மாணவர்களோ முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை செய்தியைத் திரட்டினர். எழுதியவர் யார் என்பது பெரும்பாலும் அவர்களுக்கு ஒரு பொருட்டாகப் படவில்லை.

வைன்பர்க் தொடங்கிய ஸ்டான்ஃபோர்டு வரலாற்றுக் கல்விக் குழு, வரலாற்றறிஞரைப் போலப் படித்தல் என்னும் பாடத்திட்டத்தை உருவாக்கியது. இதில் நான்கு திறன்கள் பயிற்றுவிக்கப்படுகின்றன.

1. மூலம் அறிதல்: ஆவணத்தை எழுதியவர் யார், எதற்காக எழுதினார் என்று கேட்டல்.
2. சூழல் அறிதல்: அக்காலத்தில், அவ்விடத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று பார்த்தல்.
3. ஒப்பிட்டு உறுதிசெய்தல்: வேறு ஆவணங்கள் இதை ஏற்கின்றனவா, மறுக்கின்றனவா என்று காணல்.
4. ஊன்றிப் படித்தல்: எழுதியவர் எந்தச் சொற்களைத் தேர்ந்தெடுத்தார், எதைச் சொல்லாமல் விட்டார் என்று கவனித்தல்.

இப்பாடத்திட்டத்தை அவிஷாக் ரைஸ்மன் சான் பிரான்சிஸ்கோ நகரின் ஐந்து அரசு உயர்நிலைப்பள்ளிகளில், பதினோராம் வகுப்பு மாணவர் 236 பேரிடம் ஆறு மாதங்கள் ஆராய்ந்து, 2012இல் முடிவுகளை வெளியிட்டார். ஆவணங்களை ஆராய்ந்து கற்ற மாணவர்கள் வரலாற்றுச் சிந்தனையில் மட்டுமன்றி, பாடச் செய்திகளை நினைவில் வைப்பதிலும் பொது வாசிப்புத் திறனிலும் முன்னேறியிருந்தனர். செயல்பாடுகளுக்கு நேரம் கொடுத்தால் பாடச் செய்திகள் விட்டுப்போகும் என்ற அச்சத்திற்கு இது ஒரு விடையாகும்.

சாட்சிகளை விசாரித்தல்

1775 ஏப்ரல் 19 அன்று மாசச்சூசெட்சின் லெக்சிங்டன் ஊர்த் திடலில் பிரித்தானியப் படையினரும் ஊர்க் குடிப்படையினரும் எதிரெதிரே நின்றனர். துப்பாக்கி வெடித்தது. குடிப்படையினர் எட்டுப் பேர் இறந்தனர். அமெரிக்க விடுதலைப் போர் இங்குதான் தொடங்கியது. முதலில் சுட்டது யார் என்ற கேள்விக்கு இன்றுவரை உறுதியான விடை இல்லை. வகுப்பறைக்கு இது மிகப் பொருத்தமான பொருளாக அமைவதற்கும் அதுவே காரணம்.

செயல்பாட்டில் மாணவர்களுக்கு இரண்டு சாட்சியங்கள் தரப்படுகின்றன. முதலாவது, பிரித்தானிய அதிகாரி ஜான் பார்க்கரின் நாட்குறிப்பு. எதிர்த்தரப்பிலிருந்து ஓரிரு குண்டுகள் வந்தன, அதன்பின் தம் வீரர்கள் கட்டளையின்றியே பாய்ந்து சுட்டனர் என்று அது கூறுகிறது. இரண்டாவது, குடிப்படையினர் 34 பேர் சில நாட்கள் கழித்து நீதிபதிகள் முன் உறுதிமொழியுடன் அளித்த வாக்குமூலம். தாங்கள் கலைந்து சென்றுகொண்டிருந்தபோதே படையினர் சுட்டனர் என்று அது கூறுகிறது.

உறுதிமொழி இருப்பதால் இரண்டாவதே உண்மை என்று மாணவர்கள் முதலில் சொல்வது இயல்பு. அப்போது ஆசிரியர், அந்த வாக்குமூலங்கள் யாருக்காகத் திரட்டப்பட்டன என்று கேட்க வேண்டும். அவை இங்கிலாந்து மக்களின் ஆதரவைப் பெறுவதற்காகத் திரட்டி அனுப்பப்பட்டவை. நாட்குறிப்போ அன்றாடப் பதிவு. ஆயினும் அதை எழுதியவர் ஒரு தரப்பின் படைவீரர். ஒவ்வொரு சாட்சியத்திலும் நம்பத்தக்கது எது, ஐயப்படத்தக்கது எது என்று இரண்டு பத்திகளாகப் பிரித்து எழுதச் செய்யலாம். இதையடுத்து இரண்டு படங்களைக் காட்டலாம். அமோஸ் டூலிட்டில் 1775இல் வெளியிட்ட படத்தில் குடிப்படையினர் சிதறி ஓடுகின்றனர். ஹென்றி சாந்தம் 1886இல் தீட்டிய ஓவியத்தில் அவர்கள் நின்று எதிர்த்துப் போரிடுகின்றனர். ஒரே நிகழ்ச்சி நூறாண்டுக்குப் பின் வீரக்காட்சியாக மாறியது ஏன் என்ற கேள்வி இங்குத் தானே எழும்.

1770 மார்ச் 5 இரவு நடந்த பாஸ்டன் படுகொலையையும் இவ்வாறே கையாளலாம். பால் ரெவியர் வெளியிட்ட புகழ்பெற்ற செப்புத்தகட்டுப் படத்தில், படையினர் வரிசையாக நின்று அதிகாரியின் கட்டளைப்படி சுடுகின்றனர். அந்நிகழ்ச்சியில் ஐவர் உயிரிழந்தனர். ஆனால் விசாரணையில் தளபதி தாமஸ் பிரஸ்டன் விடுவிக்கப்பட்டார். எட்டு வீரர்களில் ஆறு பேர் விடுவிக்கப்பட, இருவர் மட்டும் கொலைக்குற்றத்தைவிடக் குறைந்த குற்றத்திற்குத் தண்டனை பெற்றனர். அவர்களுக்காக வாதாடியவர் பின்னாளில் அமெரிக்காவின் இரண்டாம் குடியரசுத் தலைவரான ஜான் ஆடம்ஸ். படத்தையும் தீர்ப்பையும் அருகருகே வைத்தால், படம் செய்தி சொல்வதற்காக மட்டும் வரையப்பட்டதன்று என்பது மாணவர்க்கு விளங்கும்.

மாதிரி மாநாடும் கணக்கும்

1787 மே முதல் செப்டம்பர் வரை பிலடெல்பியாவில் நடந்த அரசமைப்பு மாநாடு, நடித்துக் கற்பதற்கு ஏற்ற நிகழ்ச்சியாகும். வகுப்பைச் சில மாநிலக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் அம்மாநிலத்தின் மக்கள்தொகை, தொழில், நலன் ஆகியவை எழுதிய அட்டை ஒன்றைத் தரலாம். மக்கள்தொகைக்கேற்ப இடங்கள் வேண்டும் என்பது வர்ஜீனியாவின் திட்டம். ஒவ்வொரு மாநிலத்திற்கும் சமமான வாக்கு என்பது நியூ ஜெர்சியின் திட்டம். குழுக்கள் பேசி, பேரம் நடத்தி, ஓர் உடன்பாட்டுக்கு வர வேண்டும். பின்னர், மாநாடு உண்மையில் எட்டிய முடிவை, அதாவது பிரதிநிதிகள் அவையில் மக்கள்தொகைப்படியும் செனட்டில் சமமாகவும் இடங்கள் என்பதை, ஆசிரியர் அறிவித்து ஒப்பிடச் செய்யலாம்.

இதைத் தொடர்ந்து வரும் ஐந்தில் மூன்று பங்கு உடன்பாட்டுக்கு நடிப்பு தேவையில்லை. தாளும் எழுதுகோலும் போதும். அடிமைப்படுத்தப்பட்டோர் எண்ணிக்கையில் ஐந்தில் மூன்று பங்கைப் பிரதிநிதித்துவக் கணக்கில் சேர்ப்பது என்று மாநாடு முடிவு செய்தது. 1790இல் எடுக்கப்பட்ட முதல் மக்கள்தொகைக் கணக்கின்படி வர்ஜீனியாவின் மக்கள்தொகை 7,47,610. இவர்களுள் அடிமைப்படுத்தப்பட்டோர் 2,92,627 பேர். ஏனையோர் 4,54,983 பேர். 1792இல் 33,000 பேருக்கு ஓர் இடம் என்ற விகிதத்தில், மீதியை விட்டுவிட்டு, இடங்கள் பகிரப்பட்டன. மாணவர்கள் மூன்று விதமாகக் கணக்கிட வேண்டும்.

1. அடிமைப்படுத்தப்பட்டோரைச் சேர்க்காவிட்டால்: 4,54,983 பேர், 13 இடங்கள்.
2. ஐந்தில் மூன்று பங்கைச் சேர்த்தால்: ஏறத்தாழ 6,30,559 பேர், 19 இடங்கள்.
3. அனைவரையும் முழுமையாகச் சேர்த்தால்: 7,47,610 பேர், 22 இடங்கள்.

வர்ஜீனியா பெற்றவை 19 இடங்கள். மனிதரை ஐந்தில் மூன்று பங்காக மதித்தது கொடுமை என்று மட்டும் எண்ணும் மாணவர், முழு எண்ணிக்கையைச் சேர்க்கக் கேட்டவர்கள் அடிமை உடைமையாளர்களே என்று அறியும்போது திகைப்பர். வாக்குரிமையே இல்லாத மக்களின் பெயரால், அவர்களை உடைமையாக வைத்திருந்தவர்களின் மாநிலத்திற்கு ஆறு இடங்கள் கூடுதலாகக் கிடைத்தன. ஒரு பக்க விளக்கத்தால் விளங்காதது ஒரு வகுத்தல் கணக்கால் விளங்கிவிடுகிறது.

காரணத்தை எண்ணிப் பார்த்தல்

உள்நாட்டுப் போருக்குக் காரணம் அடிமைமுறையா, மாநில உரிமையா, வரியா என்ற விவாதம் அமெரிக்கப் பொதுவெளியில் இன்னும் ஓயவில்லை. சதர்ன் பாவர்ட்டி லா சென்டர் என்னும் அமைப்பு 2018இல் வெளியிட்ட அறிக்கையில், பன்னிரண்டாம் வகுப்பு மாணவரிடம் நடத்திய கணக்கெடுப்பில் 8 விழுக்காட்டினர் மட்டுமே அடிமைமுறையைப் போரின் மையக் காரணமாகக் குறித்தனர் என்று தெரிவிக்கப்பட்டது.

இதற்கு எளிய செயல்பாடு ஒன்று உண்டு. கூட்டாட்சியிலிருந்து விலகியபோது தென் கரோலினா, மிசிசிப்பி, ஜார்ஜியா, டெக்சாஸ் ஆகிய மாநிலங்கள் தங்கள் காரணங்களை விளக்கி அறிக்கைகள் வெளியிட்டன. நான்கு குழுக்களுக்கு நான்கு அறிக்கைகளின் பகுதிகளைத் தந்து, அடிமைமுறை பற்றிய வரிகளை ஒரு வண்ணத்திலும், மாநில உரிமை பற்றியவற்றை வேறொரு வண்ணத்திலும், வரி, வாணிகம் பற்றியவற்றை மூன்றாம் வண்ணத்திலும் அடிக்கோடிடச் செய்யலாம். பின் நான்கு தாள்களையும் சுவரில் ஒட்டினால் எந்த வண்ணம் மிகுந்துள்ளது என்பது வகுப்பின் கடைசி வரிசைக்கும் தெரியும். மாநில உரிமை பேசும் வரிகளை மீண்டும் படித்து, எதைச் செய்யும் உரிமை அங்குக் கோரப்படுகிறது என்று கேட்பது அடுத்த படியாகும். தப்பியோடியவர்களைப் பிடித்துத் திருப்பி அனுப்ப வட மாநிலங்கள் மறுத்ததைத் தென் கரோலினா குறையாகக் கூறுவதைக் காணும் மாணவர், அங்கே மாநில உரிமை இருபுறமும் வெட்டுவதை உணர்வர்.

ஒரே முகாம், மூன்று ஒளிப்படக்கருவிகள்

இரண்டாம் உலகப்போரின்போது, 1942 பிப்ரவரி 19 அன்று குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூசவெல்ட் பிறப்பித்த 9066ஆம் ஆணையின் விளைவாக, ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். இவர்களுள் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். கையால் சுமக்க முடிந்ததை மட்டுமே அவர்கள் எடுத்துச்செல்ல முடிந்தது.

கலிபோர்னியாவின் மன்சனார் முகாமை மூவர் படமெடுத்தனர். அரசுப் பணிக்காக 1942இல் படமெடுத்தவர் டோரதியா லாங். அவரது படங்களில் பல போர் முடியும்வரை வெளிவராமல் தடுத்து வைக்கப்பட்டன. 1943இல் வந்த ஆன்சல் ஆடம்ஸ், முகாம் மக்களின் உழைப்பையும் கண்ணியத்தையும் காட்டும் படங்களை எடுத்தார். மூன்றாமவர் தோயோ மியாத்தாகே. அவர் அம்முகாமில் அடைக்கப்பட்டிருந்தவர். வில்லை ஒன்றை மறைத்துக் கொண்டுவந்து, மரத்தால் பெட்டி செய்து ஒளிப்படக்கருவி அமைத்துக்கொண்டார்.

படமெடுத்தவர் பெயரை மறைத்து மூவரின் படங்களையும் குழுக்களுக்குக் கொடுக்கலாம். படத்தில் தெரிவது என்ன, அதிலிருந்து ஊகிப்பது என்ன, எழும் கேள்வி என்ன என்று மாணவர்கள் எழுதிய பின்னரே பெயர்களை வெளியிட வேண்டும். முள்வேலியும் காவற்கோபுரமும் எவர் படங்களில் உள்ளன, எவற்றில் இல்லை என்று தேடுவது பயனுள்ள தொடக்கமாகும்.

கலைந்த தாள்களை அடுக்குதல்

களைத்துப்போன ஒரு பெண் பேருந்தில் எழ மறுத்தார், இயக்கம் பிறந்தது என்பது மாண்ட்கமரி பேருந்துப் புறக்கணிப்பைப் பற்றி வழங்கும் எளிய கதை. பின்வரும் செய்திகளைத் தேதி இல்லாமல் தனித்தனித் தாள்களில் எழுதி, காலவரிசையில் அடுக்கச் சொன்னால் அக்கதை மாறிவிடும்.

1954 மே 21: கறுப்பினப் பெண்கள் அமைப்பின் தலைவர் ஜோ ஆன் ராபின்சன், பேருந்துப் புறக்கணிப்பு பற்றிப் பேச்சு நடப்பதாக மேயருக்குக் கடிதம் எழுதுகிறார்.
1955 மார்ச் 2: இருக்கையை விட்டு எழ மறுத்த 15 வயது கிளாடெட் கால்வின் கைது செய்யப்படுகிறார்.
1955 டிசம்பர் 1: ரோசா பார்க்ஸ் கைது செய்யப்படுகிறார்.
1955 டிசம்பர் 5: புறக்கணிப்பு தொடங்குகிறது.
1956 நவம்பர் 13: பேருந்தில் இனப்பிரிவினை செல்லாது என்ற தீர்ப்பை உச்ச நீதிமன்றம் உறுதி செய்கிறது.
1956 டிசம்பர் 20: புறக்கணிப்பு முடிகிறது.

பெரும்பாலோர் பார்க்சின் கைதை முதலில் வைப்பர். மேயருக்கு எழுதிய கடிதம் அதற்கு ஒன்றரை ஆண்டு முந்தையது என்று தெரியவரும்போது, இயக்கங்கள் ஒரே நாளில் பிறப்பதில்லை என்ற பாடம் தேதிகளிலிருந்தே கிடைக்கிறது.

வரைபடமும் உலகத் தொடர்பும்

அமெரிக்காவுக்கு வெளியே படிக்கும் மாணவர்க்கு வரைபடச் செயல்பாடு நல்ல நுழைவாயில். 1773 டிசம்பர் 16 அன்று பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலை கடலில் கொட்டப்பட்டது. அது சீனாவில் விளைந்து, கிழக்கிந்தியக் கம்பெனியால் லண்டன் வழியாகக் கொண்டுவரப்பட்டது. கடன் சுமையில் சிக்கிய கம்பெனியைக் காப்பாற்றவே அவ்வாண்டுத் தேயிலைச் சட்டம் இயற்றப்பட்டது. 1770ஆம் ஆண்டு வங்கப் பஞ்சமும் அந்நெருக்கடியின் பின்னணியில் இருந்தது. 1781இல் யார்க்டவுனில் சரணடைந்த படையின் தளபதி காரன்வாலிஸ், 1786இல் இந்தியாவின் தலைமை ஆளுநரானார். 1792இல் திப்பு சுல்தானுடன் அவர் செய்த உடன்படிக்கையால் திண்டுக்கல்லும் பாராமகாலும் கம்பெனி வசமாயின. உலக வரைபடத்தில் இவ்விடங்களை நூலால் இணைக்கும்போது, தமிழக மாணவர்க்கு அமெரிக்கப் புரட்சி அயல்நாட்டுக் கதையாகத் தோன்றாது.

விளையாட்டு

வகுப்பறை விளையாட்டுகளுள் புகழ்பெற்றது ஆரிகன் டிரெயில். 1971இல் மினியாபொலிசில் ஆசிரியப் பயிற்சியில் இருந்த டான் ராவிட்ச், எட்டாம் வகுப்புக்கு மேற்குநோக்கிய குடியேற்றத்தைக் கற்பிக்க, வரைபடமும் அட்டைகளும் கொண்ட விளையாட்டு ஒன்றைத் திட்டமிட்டார். உடன் தங்கியிருந்த பில் ஹைன்மன், பால் டில்லன்பெர்கர் ஆகிய பயிற்சி ஆசிரியர்கள் அதைக் கணினி நிரலாக மாற்றினர். திரை இல்லாத தட்டச்சு முனையத்தில் மாணவர்கள் அதை விளையாடினர். எவ்வளவு உணவு வாங்குவது, எப்போது ஓய்வெடுப்பது என்று முடிவெடுத்து, அதன் விளைவை ஏற்பதே அதன் கற்றல் பயன்.

அதன் குறையும் வெளிப்படையானது. வண்டியில் செல்பவரின் பார்வையிலேயே எல்லாம் நிகழ்கிறது. அந்நிலத்தில் ஏற்கெனவே வாழ்ந்த பூர்வகுடிகளின் பார்வைக்கு அதில் இடம் குறைவு. 2021இல் வெளிவந்த பதிப்பில் பூர்வகுடி அறிஞர்களின் ஆலோசனை பெறப்பட்டது. விளையாட்டு முடிந்ததும், இதில் யாருடைய கதை விடுபட்டது என்று கேட்பதே அதை வரலாற்றுப் பாடமாக மாற்றும்.

குழுக்கற்றலும் ஆய்வுத் திட்டமும்

ஒவ்வொரு மாணவரும் பாடத்தின் ஒரு பகுதியைக் கற்று, தம் குழுவினருக்குக் கற்பிக்கும் ஜிக்சா முறை, 1971இல் டெக்சாசின் ஆஸ்டின் நகரில் உளவியலாளர் எலியட் ஆரன்சன் வகுத்தது. இனப்பிரிவினை நீக்கப்பட்ட பள்ளிகளில் மாணவரிடையே நிலவிய பகையைத் தணிப்பதே அதன் நோக்கமாக இருந்தது. நீண்டகால ஆய்வுக்குத் தேசிய வரலாற்று நாள் போட்டி எடுத்துக்காட்டாகும். 1974இல் கிளீவ்லாந்தில் தொடங்கிய இப்போட்டியில் கட்டுரை, கண்காட்சி, ஆவணப்படம், நடிப்பு, இணையதளம் ஆகிய வடிவங்களில் மாணவர்கள் தம் ஆய்வை அளிக்கின்றனர்.

எல்லைகள்

எல்லாவற்றையும் நடித்துக் காட்டலாகாது. அடிமை ஏலம், அடிமைக் கப்பல் போன்றவற்றை வகுப்பில் நடிக்கச் செய்த நிகழ்வுகள் அமெரிக்காவில் பலமுறை பெற்றோரின் கண்டனத்திற்கு உள்ளாயின. இத்தகைய நடிப்பு இருவகையில் தவறுகிறது. கறுப்பின மாணவரை வகுப்பின் முன் அவமதிப்புக்கு உள்ளாக்குகிறது. அரைமணி நேர நடிப்பால் தலைமுறைத் துயரம் புரிந்துவிட்டது என்ற பொய்யான நிறைவை மற்றவர்க்குத் தருகிறது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறுநாள், 1968 ஏப்ரல் 5 அன்று, அயோவாவின் ரைஸ்வில்லில் ஆசிரியை ஜேன் எலியட் கண்ணின் நிறத்தால் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளைப் பிரித்து நடத்திய பயிற்சி உலகப் புகழ் பெற்றது. குழந்தைகளின் ஒப்புதல் இன்றி அவர்களை வேதனைப்படுத்தலாமா என்ற கேள்வியும் அதனுடன் சேர்ந்தே நிலைத்துவிட்டது.

முடிவெடுத்தவரின் இடத்தில் மாணவரை நிறுத்தலாம், துன்புற்றவரின் இடத்தில் நிறுத்துவதைத் தவிர்க்க வேண்டும் என்பது பயனுள்ள விதியாகும். மாநாட்டுப் பிரதிநிதியாக வாதிடுவது சிந்தனையை வளர்க்கும். துன்பத்தை அறிய, துன்புற்றவரின் சொற்களே சிறந்த வழி. 1936 முதல் 1938 வரை அமெரிக்க அரசின் எழுத்தாளர் திட்டத்தினர், முன்னாள் அடிமைகள் 2,300க்கும் மேற்பட்டோரின் வாய்மொழிகளைப் பதிந்தனர். அவை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் உள்ளன. இவற்றையும் ஆராய்ந்தே படிக்க வேண்டும். கேட்டவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர். சொன்னவர்கள் இனப்பிரிவினைச் சட்டங்களின் கீழ் வாழ்ந்த முதியவர்கள். எதைச் சொல்ல அவர்கள் அஞ்சியிருக்கக்கூடும் என்று கேட்பதும் பாடத்தின் பகுதியே.

ஒரு பாடவேளைக்கான அமைப்பு

45 நிமிடப் பாடவேளையில் ஒரு செயல்பாட்டைப் பின்வருமாறு அமைக்கலாம்.

1. முதல் 5 நிமிடம்: விவாதத்திற்கு இடமுள்ள ஒரே ஒரு கேள்வியைக் கரும்பலகையில் எழுதுதல்.
2. அடுத்த 8 நிமிடம்: தேவையான பின்னணியை ஆசிரியர் சொல்லுதல்.
3. அடுத்த 17 நிமிடம்: நால்வர் கொண்ட குழுக்களில் இரண்டு அல்லது மூன்று சிறு ஆவணங்களைப் படித்தல். கடினமான சொற்களுக்குப் பொருள் அதே தாளில் இருக்க வேண்டும்.
4. அடுத்த 10 நிமிடம்: குழுக்களின் முடிவுகளை வகுப்பில் ஒப்பிடுதல்.
5. கடைசி 5 நிமிடம்: ஒவ்வொருவரும் தம் முடிவையும் அதற்கான ஒரு சான்றையும் இரண்டு வரிகளில் எழுதித் தருதல்.

கடைசி இரண்டு வரிகளே மதிப்பீட்டுக்கு அடிப்படை. முடிவு ஆசிரியரின் கருத்தோடு ஒத்துள்ளதா என்பதற்கு மதிப்பெண் இல்லை. சான்று பொருந்துகிறதா, எதிர்ச்சான்று கவனிக்கப்பட்டதா என்பவற்றிற்கே மதிப்பெண். ஐம்பது பேர் உள்ள வகுப்பிலும், கணினி இல்லாத பள்ளியிலும், நகலெடுத்த சில தாள்களைக் கொண்டு இதைச் செய்ய முடியும். இவ்வாறு பழகிய மாணவர், நாளை கைப்பேசியில் வரும் ஒரு செய்தியைப் பார்க்கும்போதும், இதைச் சொல்பவர் யார், அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்.